கழுவி ஊற்றிய படலம்

ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்திலிருந்து எடுத்துவந்த நீரில் நெகிழித் துகள்கள் எத்தனை என்று எண்ணுவதற்கு முன்னால் செய்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு. வலையில் சேர்ந்ததையெல்லாம் கண்ணாடிக் குடுவையில் இட்டு, 30 விழுக்காடு செறிவுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, சிறிது இரும்புக் கரைசலும் சேர்த்து, மிதமான சூட்டில் வைக்க வேண்டும். சற்று நேரத்தில் கரைசல் நுரைத்துப் பொங்கும். இலைத் துணுக்கு, பாசி, மிதவை உயிரிகளின் எச்சம் என உயிரிலிருந்து வந்தவை பெரும்பாலும் கரைந்து நிறமிழந்துபோகும், நெகிழி எஞ்சும். அதை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, வடிதாளில் பிடித்து, நுண்ணோக்கியின் அடியில் ஒவ்வொன்றாக எண்ணலாம். 5 மில்லிமீட்டருக்குக் குறைவானவற்றை நுண்நெகிழி என்கிறோம். இழை, சில்லு, மணி என்று வகை பிரித்துக் குறிப்பேட்டில் ஏற்றுவோம்.

இந்த வேலையை நான் இரண்டு ஆண்டுகள் செய்தேன். குடுவையில் இடுவதற்கு முன் துகள்களைக் கையுறை விரலால் தொட்டால் வழுக்கும். பழுப்பும் பச்சையுமாக ஒரு மெல்லிய படலம் அவற்றின் மேல் போர்த்தியிருக்கும். பெராக்சைடு அதை முழுவதும் தின்றுவிட்டு, துகளை வெளுத்துத் துலக்கிக் கொடுக்கும். அந்தப் படலத்தை நான் அழுக்கு என்றே கருதினேன். எண்ணிக்கைக்கு இடையூறான ஒன்று என்று பதிவேட்டிலும் எழுதினேன். அதற்கு முன் சில ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் நுண்ணுயிர்ச் சோதனைகளைப் பார்த்துவந்தவன் நான். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று கண்ணாடித் தட்டில் வளையங்களை அளந்து எழுதியவன். அப்படிப்பட்ட எனக்கே, நான் கழுவி ஊற்றிய படலம் அந்தத் தட்டில் வளர்ந்தவற்றின் உறவுக் கூட்டம் என்று தோன்றவில்லை.

இதை என் ஒருவனுடைய கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட முடியாது. நெகிழியை எண்ணுகிறவர்களின் செய்முறை உயிரை அழிக்கிறது; நீரிலுள்ள பாக்டீரியாவை ஆராய்கிறவர்களோ பெரிய துகள்கள் தடையாக இருக்கின்றன என்று முதலில் ஒரு வடிதாளில் அவற்றைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, அடியில் இறங்கிய தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். முதலாமவர் வீசியெறிவது படலத்தை. இரண்டாமவர் வீசியெறிவது துகளை. படலத்தோடு கூடிய துகள் என்ற பொருள் இரு துறைகளுக்கும் நடுவே நெடுங்காலம் விழுந்து கிடந்தது. இத்தனைக்கும் அது புதிதாகக் கண்ணில் பட்ட ஒன்றன்று. 1972இல் அட்லாண்டிக்கின் ஒரு பகுதியான சர்காசோ கடலில் நெகிழித் துகள்கள் மிதப்பதை முதன்முதலாக அறிவித்த கார்பென்டரும் ஸ்மித்தும், அவற்றின் மேல் டயாட்டம் என்னும் நுண்பாசிகள் ஒட்டியிருப்பதையும் அதே அறிக்கையில் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கென்று தனிப் பெயர் வைக்க 2013 வரை ஆயிற்று. செட்லர், மின்சர், அமரல்-செட்லர் ஆகியோர் அதைப் ‘பிளாஸ்டிஸ்ஃபியர்’ என்றார்கள். நெகிழிமண்டலம் என்று தமிழில் சொல்லலாம். அவர்கள் ஆராய்ந்த ஒரு பாலிபுரொப்பிலீன் துகளின் மேல் இருந்த நுண்ணுயிர்களில் ஏறத்தாழ 24 விழுக்காடு விப்ரியோ என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. காலராவை உண்டாக்கும் பாக்டீரியாவும் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான்.

இந்தப் படலத்துக்கும் மருந்து கேட்காத கிருமிகளுக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல, மருத்துவமனைத் தட்டிலிருந்து தொடங்குவது நல்லது. நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் வளர்ந்த கிருமியைத் தட்டு முழுவதும் பரப்பி, அதன் மேல் ஒவ்வொரு மருந்திலும் தோய்த்த சிறு வட்டுகளை வைத்து ஓர் இரவு விட்டுவிடுவோம். மருந்து கேட்டால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வளையம் தெரியும். கேட்காவிட்டால் வட்டின் விளிம்பு வரை கிருமி மூடியிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு தட்டில் இரண்டு மூன்று வட்டுகள் மூடியிருந்தால் மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். நான் விலகும்போது வளையம் தெரிகிற வட்டுகளைத்தான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். 2019இல் மட்டும் உலகெங்கும் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாவே நேரடிக் காரணமாகச் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாகவும், 49.5 லட்சம் இறப்புகளில் அதற்குத் தொடர்பு இருந்ததாகவும் 2022இல் லான்செட் இதழில் வெளிவந்த மதிப்பீடு சொல்கிறது.

உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று மக்கள் சொல்வதுண்டு. பழகுவது உடம்பு அன்று, உடம்பில் இருக்கும் பாக்டீரியா. அதுவும் ஒவ்வொரு பாக்டீரியாவும் தானாக முயன்று கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கற்ற ஒன்றிடமிருந்து கல்லாத ஒன்று அந்தத் திறனைப் பெற்றுக்கொள்ள முடியும். ஃபிளெமிங் பெனிசிலின் பூஞ்சையைக் கண்ட அதே 1928ஆம் ஆண்டில்தான், இறந்த நிமோனியாக் கிருமியின் பண்பு உயிருள்ள வேறொரு கிருமிக்குத் தாவுவதை கிரிஃபித் எலிகளைக் கொண்டு காட்டினார். மருந்தும், அந்த மருந்தைத் தோற்கடிக்கப்போகும் வழிகளில் ஒன்றும் ஒரே ஆண்டில் வெளிப்பட்டன. 1946இல் லெடர்பெர்கும் டேட்டமும் பாக்டீரியாக்கள் தமக்குள் மரபணுவைக் கைமாற்றிக்கொள்வதைக் கண்டார்கள்; அதற்குத் தொடுகை தேவை என்பது பின்னர் உறுதியானது. 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமி ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு அடங்காமல் போனது; ஆராய்ந்தபோது, அந்த எதிர்ப்புகளெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டப்பட்டு, குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கும் சீதபேதிக் கிருமிக்கும் இடையே போய்வருவது தெரிந்தது. அந்த மூட்டைக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். பாக்டீரியாவின் முதன்மை மரபுப்பொருளிலிருந்து விலகித் தனியாகச் சுழலும் வளையம் அது. ஓர் இனத்திலிருந்து வேறோர் இனத்துக்கே அது போக வல்லது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: பிளாஸ்மிட் கைமாற வேண்டுமானால் கொடுப்பதும் பெறுவதும் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் இருக்க வேண்டும், தொட்டபடி சிறிது நேரம் இருக்கவும் வேண்டும். தொடுகையும் நேரமும் இல்லாத இடத்தில் எத்தனை எதிர்ப்பு மரபணு இருந்தாலும் அது இந்த வழியில் பரவாது.

கழிமுகம் இயல்பில் இந்த இரண்டையும் கொடுக்காத இடம். மனிதக் குடலிலிருந்து சாக்கடை வழியாக ஆற்றுக்கு வந்து சேரும் பாக்டீரியாவுக்கு அது ஏறக்குறையச் சாவுக்களம். உப்பு ஏறும், வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மரபுப்பொருளை வெட்டும், நீரில் திரியும் ஒருசெல் உயிரிகள் அதைப் பிடித்துத் தின்னும், குடலில் கிடைத்த செறிந்த உணவு அங்கே இல்லை, ஒவ்வொரு ஓதமும், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கமும், அதை மேலும் நீர்க்கச் செய்யும். கழிவைக் கடல்முகத்தில் கொண்டுபோய் விடுவதற்குத் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் சொல்லிவந்த நியாயத்தின் அடியிலும் இந்த நம்பிக்கைதான் இருந்தது. அது முற்றிலும் பொய்யான நம்பிக்கையும் அன்று.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். கழிமுக நீர் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். கேட்கும்போது பெருங்கூட்டமாகத் தோன்றும். ஆனால் அவற்றை நீரில் சமமாகப் பரப்பினால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 100 மைக்ரான் இடைவெளி இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஒரு பாக்டீரியாவின் நீளமோ ஒரு மைக்ரான் அளவுதான். அதாவது நம் உயரத்தை அளவாகக் கொண்டால், அடுத்த ஆள் நூறு ஆள் உயரத் தொலைவில் நிற்கிறார். நிற்பதும் இல்லை, நீரோட்டத்தில் புரண்டுகொண்டே இருக்கிறார். இப்போது அதே நீரில் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நெகிழி மணியை இடுங்கள். அதன் புறப்பரப்பு சுமார் 3 சதுர மில்லிமீட்டர், அதாவது 30 லட்சம் சதுர மைக்ரான். ஒற்றை அடுக்காக நெருங்கி உட்கார்ந்தாலே லட்சக்கணக்கான பாக்டீரியாவுக்கு இடம் உண்டு. முதலில் வந்து ஒட்டியவை பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து அதற்குள் தங்களைப் புதைத்துக்கொள்ளும். அடுத்தவை அதன் மேல் வந்து சேரும். இதைத்தான் உயிர்ப்படலம் என்கிறோம். என் விரலில் வழுக்கியது அந்தப் பசைதான். அதற்குள் இருப்பவை ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, நாள்கணக்கில், வாரக்கணக்கில் கூடி வாழ்கின்றன. ஒருசெல் உயிரிகளால் எளிதில் அவற்றைத் தின்ன முடிவதில்லை. வெயில் உள்ளே முழுதாக இறங்குவதில்லை. மருந்தும்கூடப் பசையைத் தாண்டிப் போகத் தடுமாறுகிறது.

அப்படியானால் நெகிழியின் மேல் பிளாஸ்மிட் உண்மையிலேயே கூடுதலாகக் கைமாறுகிறதா? இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் ஒன்றை, ஜெர்மனியின் ஸ்டெக்லின் ஏரி நீரை வைத்து அரியாஸ்-ஆண்ட்ரெஸும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2018இல் வெளியிட்டார்கள். டிரைமெத்தோபிரிம் என்னும் மருந்துக்கு எதிர்ப்பைச் சுமந்த ஒரு பிளாஸ்மிட்டை ஈ.கோலையில் ஏற்றி, ஏரியின் இயல்பான பாக்டீரியாக்களோடு கலந்தார்கள். பிளாஸ்மிட்டைப் பெற்றுக்கொண்ட பாக்டீரியா ஒளிரும்படி முன்னேற்பாடு இருந்ததால், பெற்றவற்றை எண்ண முடிந்தது. நீரில் தனித்து மிதந்தவற்றையும், இயற்கையான திரள்களில் இருந்தவற்றையும்விட நுண்நெகிழியின் மேல் இருந்தவற்றில் கைமாற்றம் மிகுதியாக நடந்தது. அதுவும் பல்வேறு இனங்களுக்கு. அந்த ஆய்வுத் தாளை நான் முதன்முறை படித்த இரவு, குடுவையில் பொங்கிய நுரை திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஏரியைவிடக் கழிமுகம் கடுமையான இடம், நீர் அங்கே நிற்பதும் இல்லை என்று ஒருவர் கேட்கலாம். நீர் நிற்பதில்லை என்பது உண்மை, துகள் நிற்கிறது. கழிமுகத்தின் இயக்கத்தில் எனக்கு வியப்பு அடங்காத பகுதி இது. ஆற்று நீர் எடை குறைந்தது. அது மேலாகக் கடலை நோக்கிப் போகும். கடல்நீர் எடை மிகுந்தது. அது அடியில் நுழைந்து ஆற்றை எதிர்த்து உள்ளே ஏறும். மேலே மிதந்து வெளியேறிக்கொண்டிருக்கும் துகள் சற்றுத் தாழ்ந்தால் போதும், அடி ஓட்டம் அதைப் பிடித்து மீண்டும் உள்நோக்கி இழுத்துவந்துவிடும். உப்புநீரைத் தொட்டவுடன் ஆற்றின் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிப் படியத் தொடங்கும். நெகிழியும் அந்தத் திரளில் சிக்கும். படலம் தடித்த துகள் எடை கூடித் தானாகவே தாழும். இப்படி உப்பும் நன்னீரும் சந்திக்கும் எல்லையில் கலங்கல் மிகுந்த ஒரு பட்டை உருவாகி, ஓதத்தோடு முன்னும் பின்னுமாக ஊசலாடிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டைக்குள் மாட்டிய துகள் நீரைவிட நெடுநாள் அங்கேயே இருக்கும். ஒரு பங்கு சேற்றுத் திட்டுகளிலும் அலையாத்தி வேர்களுக்கு இடையிலும் படிந்துவிடும். கழிமுகத்தில் நீருக்கு ஒரு காலம், துகளுக்கு வேறொரு காலம். குடல் பாக்டீரியா நீரோடு வந்தால் நீரின் காலத்தில் சாகும். துகளோடு வந்தால் துகளின் காலத்தைப் பெறுகிறது.

துகளும் பாக்டீரியாவும் எங்கே சந்திக்கின்றன என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே குழாயில்தான் வருகின்றன. துணி துவைத்த நீரில் இழைகள் வருகின்றன. 6 கிலோ அக்ரிலிக் துணியை இயந்திரத்தில் ஒரு முறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்று நேப்பரும் தாம்சனும் 2016இல் கணக்கிட்டார்கள். அதே சாக்கடையில் மனிதக் கழிவும், உட்கொண்ட மருந்தின் மீதியும், மருத்துவமனைக் கழிவுநீரும் சேர்கின்றன. சுத்திகரிப்பு நிலையம் நெகிழியைப் பெருமளவு பிடித்துவிடுகிறது என்பதை மறைக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றில் நீரை விடும், 6.5 லட்சம் மக்களுக்கான நிலையம் ஒன்று 98 விழுக்காட்டுக்கும் மேலாக நுண்நெகிழியை நீக்குவதை 2016இல் அளந்தார்கள். அப்படி நீக்கிய பிறகும் நாளொன்றுக்கு 6.5 கோடி துகள்கள் ஆற்றில் சேர்ந்தன. அவை வெறும் துகள்களாகச் சேரவில்லை. உலகில் பாக்டீரியா மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்றான சுத்திகரிப்புத் தொட்டிக்குள் கிடந்து, அதன் படலத்தைப் போர்த்திக்கொண்டே வெளியே வருகின்றன. பிடிபட்ட 98 விழுக்காடும் மறைந்துபோவதில்லை, கசடாகிறது. அந்தக் கசடு வயலுக்கு உரமாகப் போகும் இடங்களில் மழை அதன் ஒரு பங்கை மறுபடியும் ஆற்றில் சேர்க்கிறது.

துகளில் ஒட்டி வாழ்வது கழிமுகப் பாக்டீரியாவுக்குப் புதுப் பழக்கமும் அன்று. 1970களில் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவின் உவர்நீரில் ரீட்டா கோல்வெலும் அவருடைய குழுவினரும் காலராக் கிருமி இயல்பாகவே வாழ்வதைக் கண்டார்கள். அது கோப்பிபாட் என்னும் நுண் இறால் போன்ற மிதவை உயிரிகளின் மேல் கூட்டமாக ஒட்டி வாழ்கிறது என்பதும் அவர்களுடைய ஆய்வுகளில் தெளிந்தது. பிறகு வங்காளதேச கிராமங்களில் அவர்கள் செய்து 2003இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. குடிநீரைப் பழைய சேலைத் துணியை நான்கு முதல் எட்டு மடிப்பாக மடித்து வடிகட்டச் சொன்னார்கள். அந்த மடிப்பின் துளை சுமார் 20 மைக்ரான். தனித்து மிதக்கும் காலராக் கிருமி அதில் தாராளமாக நுழைந்து போய்விடும். இருந்தும் காலரா 48 விழுக்காடு குறைந்தது. சேலை கிருமியைப் பிடிக்கவில்லை, கிருமி ஏறியிருந்த ஊர்தியைப் பிடித்தது. துகளில் இருப்பது நீரில் இருப்பதற்குச் சமமானதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கோப்பிபாட் சில வாரங்களில் செத்து மக்கிப்போகும், இலைத் துணுக்கும் மக்கும், மரச்சில்லும் மெதுவாக மக்கும். ஊர்தி அழிந்தால் கூட்டம் கலைந்தாக வேண்டும். நெகிழி கலைவதில்லை. வெயில் பட்டு அதன் மேற்பரப்பு வெடித்து, சொரசொரப்பாகி, ஒட்டுவதற்கு இன்னும் தோதாகிறது. வடகடலிலும் பால்டிக் கடலிலும் மிதந்த நுண்நெகிழியில் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்னும், கடலுணவு வழியாக வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாவை கிர்ஸ்டைன் குழுவினர் 2016இல் கண்டார்கள். குடலிலிருந்து வந்த பாக்டீரியா உப்பில் சாகட்டும். சாவதற்கு முன் அதன் பிளாஸ்மிட் பக்கத்தில் இருக்கும், உப்பில் செழிக்கும் ஒரு விப்ரியோவுக்குப் போய்விட்டால், மரபணுவுக்கு மரணம் இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது. கழிமுகம் பாக்டீரியாவைக் கொன்றது. நாமும் அதை நம்பியிருந்தோம். மரபணுவைக் கொல்ல அதற்கு நேரம் போதாமல் செய்வது துகள்.

பெற்றுக்கொண்ட மரபணுவைப் பாக்டீரியா ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பிளாஸ்மிட்டைச் சுமப்பது செலவு. மருந்து இல்லாத இடத்தில் அதைச் சுமக்காதவை முந்திக்கொள்ளும் என்றே பாடத்தில் படித்தோம். கழிமுக நீரில் இருக்கும் மருந்தின் அளவு பாக்டீரியாவைக் கொல்லும் அளவைவிட மிகக் குறைவு. ஆனால் கொல்லும் அளவைவிடச் சில நூறு மடங்கு குறைந்த செறிவிலும் எதிர்ப்புள்ளவை எதிர்ப்பில்லாதவற்றை முந்தக்கூடும் என்று ஸ்வீடனின் உப்சலாவில் குல்பெர்க் முதலானோர் 2011இல் காட்டிய பிறகு அந்த ஆறுதல் போயிற்று. மருந்து மட்டுமே காரணம் என்பதும் இல்லை. செம்பு, துத்தநாகம், பாதரசம் போன்ற உலோகங்களைத் தாங்கும் மரபணுக்கள் மருந்தைத் தாங்கும் மரபணுக்களோடு ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். கப்பலின் அடிப்பூச்சிலிருந்து கசியும் செம்பு இருக்கும் துறைமுகச் சேற்றில், மருந்தே இல்லாவிட்டாலும், மூட்டையைச் சுமப்பவைக்கு ஆதாயம் உண்டு. முதல்வகை இன்டெக்ரான் என்னும் மரபுத்துண்டு கிருமிநாசினிக்கும் சல்ஃபா மருந்துக்குமான எதிர்ப்பைப் பெரும்பாலும் சேர்த்தே சுமப்பதால், அதை மனித மாசின் அடையாளமாகவே ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். இத்தாலியில் ஏரி நீரோடு சுத்திகரித்த கழிவுநீரையும் நுண்நெகிழியையும் கலந்து எக்கர்ட் குழுவினர் 2018இல் செய்த சோதனையில், நெகிழி கூடக்கூட அந்த இன்டெக்ரானும் கூடுதலாக நிலைத்தது.

நெகிழி இந்தப் பொருள்களைத் தன்மேல் திரட்டிக்கொள்ளும் என்பதும் நன்கு தெரிந்ததே. ஜப்பானியக் கடலோரங்களில் எடுத்த நெகிழி மணிகளில் நச்சுச் சேர்மங்கள் சுற்றிலும் உள்ள கடல்நீரைவிட 10 லட்சம் மடங்கு வரை செறிந்திருந்ததை மாட்டோவும் தகாடாவும் மற்றவர்களும் 2001இல் அளந்தார்கள். மருந்துகளின் கதை மட்டும் அத்தனை நேரானதன்று. ஐந்து வகை நெகிழியையும் ஐந்து மருந்துகளையும் வைத்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நைலான் வகையான பாலிஅமைடு நன்னீரில் மருந்துகளை மிகுதியாக ஈர்த்தது. கடல்நீரில் அந்த ஈர்ப்பு குறைந்தது. சிப்ரோஃப்ளாக்சசினும் அமாக்சிசிலினும் கடல்நீரில் நெகிழியில் ஒட்டவே இல்லை. இதைப் படித்தபோது கழிமுகத்தை நினைத்தேன். ஆற்றில் மருந்தை ஏற்றிக்கொண்டு வரும் துகள், உப்பு எல்லையைத் தொட்டதும் அதைக் கைவிட வேண்டும். கைவிடும் இடம் தன்மேல் படர்ந்திருக்கும் படலத்துக்குள்ளேயே. இது என் ஊகம்தான். ஆனாலும் உப்பின் அளவு மாறிக்கொண்டே இருக்கும் நீரில் வைத்துச் சோதிக்கத் தக்க ஊகம்.

இதுவரை எழுதியதை மட்டும் படிக்கிறவர், நெகிழிதான் மருந்தெதிர்ப்பை வளர்க்கிறது என்று முடிவுகட்டிவிடுவார். அப்படிப்பட்ட தலைப்புகளைச் செய்தித்தாள்களிலும் பார்க்கிறேன். அப்படி முடிவுகட்டுகிறவர்களுக்காக வெசர் கழிமுக ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் வெசர் ஆறு வடகடலில் சேரும் இடத்திலிருந்து ஹெல்கோலாந்து தீவு வரை உப்பு ஏறிக்கொண்டே போகும் பாதையில், ஒரே துகள்களை ஒவ்வோர் இடமாக நகர்த்தி ஊறவைத்தார்கள். மூன்று வகைத் துகள்கள்: அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், டயர் தேய்மானத் துகள், மரம். ஒவ்வொரு கட்டத்திலும் துகளின் படலத்திலும் சுற்றியுள்ள நீரிலும், பல மருந்துகளுக்கு அடங்காத வகை ஈ.கோலை இருக்கிறதா என்று வளர்த்துப் பார்த்தார்கள். நீரில் எல்லா இடங்களிலும் அது இருந்தது. அவற்றில் 64 விழுக்காடு வேறு மருந்துத் தொகுதிகளுக்கும் எதிர்ப்புக் காட்டியது. மரத்துகளில் எல்லா இடங்களிலும் சாதாரண ஈ.கோலை இருந்தது, எதிர்ப்பு வகை இல்லை. நெகிழியிலும் டயர் துகளிலும் ஈ.கோலையே இல்லை. 2020இல் இது வெளிவந்தது.

இந்த முடிவை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை, ஒதுக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். அது ஓர் இனத்தை மட்டும், வளர்க்கக்கூடியவற்றை மட்டும் தேடியது என்பது சரி. மரபணு வேறோர் இனத்துக்குத் தாவியிருந்தால் அந்தச் சோதனையில் தெரிந்திராது என்பதும் சரி. ஆயினும் பாக்டீரியா ஏறியது மரத்தில், எதிர்ப்பு வகை மிதந்தது நீரில் என்ற உண்மை அப்படியே நிற்கிறது. நெகிழி மருந்தெதிர்ப்பின் ஊற்று அன்று. ஊற்று குடலிலும் மருந்துச் சீட்டிலும் கால்நடைப் பண்ணையிலும் மீன் வளர்ப்புக் குளத்திலும் இருக்கிறது. கழிவுநீர் சுத்தமானால் துகளுக்குச் சுமக்க ஒன்றும் இராது. சாதாரண மணலும் மரமும் செய்யாத எதை நெகிழி செய்கிறது என்று ஒவ்வொரு ஆய்வும் கேட்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாமல் நெகிழியின் மேல் எதிர்ப்பு மரபணு கிடைத்தது என்று மட்டும் அறிவிக்கும் தாள்களை நான் இப்போது அரைமனத்தோடுதான் படிக்கிறேன். ஆய்வகத்தில் மிகையான அளவு நுண்துகளைக் கொட்டி, பாக்டீரியாவின் சவ்வு தளர்ந்து கைமாற்றம் கூடியது என்று காட்டும் தாள்களையும் அவ்வாறே. கழிமுகத்தில் அந்த அளவு இல்லை.

ஒப்பீட்டில் நெகிழிக்கென்று எஞ்சுவது, என் பார்வையில், காலமும் தொலைவும்தான். மரம் ஓரிடத்தில் மக்கும். மணல் ஓரிடத்தில் படியும். நெகிழி சுத்திகரிப்புத் தொட்டியில் ஏறிக்கொண்டு, ஆற்றில் மிதந்து, உப்பு எல்லையில் மாதக்கணக்கில் ஊசலாடி, வெள்ளம் வந்தால் கடலுக்கே போய்விடக்கூடியது. வட பசிபிக் பெருங்கடலின் நீரோட்டச் சுழலில் எடுத்த நெகிழிகளின் மரபுப்பொருளை 2019இல் பகுத்தபோது, அதைச் சுற்றியிருந்த நீரைவிட மருந்தெதிர்ப்பு, உலோக எதிர்ப்பு மரபணுக்கள் அவற்றில் மிகுந்திருந்தன. எந்தக் குழாயும் அருகில் இல்லாத நடுக்கடல் அது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய நகர்ப்புறக் கழிவுநீர் விதி, பெருநகர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் மருந்தெதிர்ப்பையும் நுண்நெகிழியையும் கண்காணிக்கச் சொல்கிறது. இரண்டும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றதை வரவேற்கிறேன். ஆனால் அவை இரண்டு தனித்தனி அளவீடுகள். ஒரு புட்டி பெராக்சைடுக்குப் போகும், இன்னொரு புட்டி வடிதாளைத் தாண்டி மரபணுச் சோதனைக்குப் போகும். படலத்தோடு கூடிய துகள் மறுபடியும் இரண்டுக்கும் நடுவில் விழும் என்பதே என் கவலை. மூன்றாவது புட்டி ஒன்று வேண்டும்.

நான் இப்போது மாதிரி எடுக்கப் போகும்போது மூன்று புட்டிகளைத்தான் கொண்டுபோகிறேன். மூன்றாவதில் இடும் துகள்களை அந்த இடத்து நீரை வடிகட்டி அதிலேயே மெல்ல அலசி, ஒட்டாமல் தங்கியவற்றை மட்டும் போக்கி, பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு எடுத்துவருகிறேன். ஒவ்வொரு நெகிழித் துகளுக்கும் இணையாக அதே அளவில் ஒரு மரச்சில்லும், கிடைத்தால் ஒரு கூழாங்கல்லும் எடுத்துக்கொள்கிறேன். எடுத்த நேரத்தில் ஓதம் ஏறியதா இறங்கியதா, நீரின் உப்பு எவ்வளவு, துகள் மேற்பரப்பில் கிடைத்ததா கலங்கல் பட்டையிலா என்று குறிக்கிறேன். பழைய குறிப்பேடுகளில் 4,000க்கும் மேற்பட்ட துகள்கள் பதிவாகியிருக்கின்றன. நிறம், வடிவம், நீளம் எல்லாம் திருத்தமாக இருக்கின்றன. படலத்துக்கான கட்டம் எந்தப் பக்கத்திலும் இல்லை. இப்போதைய குறிப்பேட்டில் அதைத்தான் முதல் கட்டமாக வைத்திருக்கிறேன்.